பூம்பாத்தியில் முளைத்த காட்டுப்புல்

நீங்கள் என்ன வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டீர்களா? சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். நான் அவசரப்பட்டுச் சொல்லிக் கெட்டவள். “புல்லைத் தேடிப் பார்க்கிறதுக்கு அரசாங்கம் சம்பளம் தருது” என்று நான் சொன்னபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே கேட்டார்: “அதைத்தானே பிள்ளை பக்கத்து வீட்டு மாடும் செய்யுது. அதுக்கு ஆர் சம்பளம் குடுக்கினம்?” நான் ஓய்வுபெற்றும் பல வருடங்களாகிவிட்டன. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

உங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகளுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கோ என்றார். செடியை அழுத்திக் காயவைப்பது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது எல்லாவற்றையும் அவரே சொல்லித்தருவார். என்னைவிடப் பொறுமையாகவும் சொல்வார். நான் சொல்லப்போவது வேறு. உங்களுக்கு மேலே இருக்கிற ஒருவர் மிகவும் சந்தோஷமாக ஒரு பிழை விட்டுக்கொண்டிருக்கும்போது, கீழே இருக்கிற நீங்கள் என்ன செய்வது? இது உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே வரும்.

நறுவிலிக்குளம் தாண்டி உள்ளே போனால் பாலையும் வீரையும் நெருங்கி நிற்கும் காடு ஒன்று உண்டு. அந்தக் காட்டில் ஒரு புல். முழங்காலுக்குக் கீழே நிற்கும், மெல்லிசு, கொஞ்சம் வெளுத்த பச்சை. முழு இருட்டில் வராது, முழு வெயிலிலும் நில்லாது. பாலை மரத்து இலைக்குள்ளால் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிற இடமாகப் பார்த்து, அதிலும் சிவந்த சரளையான கிரவல் மண்ணில் மட்டும் வளரும். மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள். மாரி மழைக்கு முளைத்து, தை மாதம் கதிர் தள்ளி, பங்குனி வெயிலில் காய்ந்து காணாமல் போய்விடும். மடுப் பக்கத்துக் காடுகளிலும் தேடினோம். மாதா கோயில் திருநாளுக்கு வருகிறவர்கள் கொட்டில் போடுகிற இடங்களையும் விடவில்லை. வேறு எங்கும் அகப்படவில்லை. ஊரில் அதற்குத் தனிப்பெயரும் கிடையாது. இலத்தீன் பெயர் ஒன்று இருக்கிறது, வெற்றிலை போட்ட வாயால் சொல்ல முடியாது. ஆகையால் வேலை செய்கிற கந்தோருக்குள் நாங்கள் அதை ‘எங்கட புல்’ என்றே சொல்லிவந்தோம்.

எங்கட புல்லின் நிலைமை பற்றி மேலே அனுப்பும் அறிக்கையில் ‘அருகிவரும்’ என்று எழுதியிருந்தோம். அந்த ஒரு சொல்தான் அந்தக் காட்டுக்கு வேலி. புல் அருகிவருகிற வரைக்கும் அங்கே ஒருவரும் மண்வெட்டி வைக்க முடியாது. அந்தச் சொல் போனால் காடும் போகும்.

காட்டின் அடியில் இருந்த கிரவலில் இன்னொருவருக்கும் கண் இருந்தது. அவர் பாப்பாமோட்டைக்காரர். வயல் செய்கிறவர், றோட்டுப் போடுகிற கொந்தராத்தும் எடுக்கிறவர். பொல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். மாரி பிறந்தால் அந்தப் பக்கத்து றோட்டில் வண்டில் புதையும், மாடு புதையும், பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற காரும் புதையும். கிரவல் போட்டால் எல்லோருக்கும் நன்மை, அவருக்குக் கொஞ்சம் கூடுதல் நன்மை. என்னைக் கண்ட இடத்திலெல்லாம், ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்: “எப்பிடிப் பிள்ளை, உங்கட புல்லுக்கு இன்னும் சுகம் வரேல்லையோ?”

“இல்லை ஐயா. அப்பிடியேதான் கிடக்கு.”

“நான் நேர்த்திக்கடன் வைச்சிருக்கிறன். பாப்பம்.”

இனிப் பெரியவர். எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி, கொழும்பில் இருப்பவர். தை பிறந்ததும் புல்லைப் பார்க்க வருவார். உயரம், அதற்கேற்ற குரல், அந்தக் குரலுக்கு ஏற்ற நிச்சயம். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டிய எழுத்து. படித்தவர், உண்மையாகவே படித்தவர். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்ற வசனத்தை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

அவர் தங்குவது மன்னார்த் தீவில், கடற்கரையோரத்து அரசாங்க பங்களாவில். காலையில் பாலத்தைக் கடந்து காட்டுக்குப் போவோம், மத்தியானம் திரும்புவோம். எங்கட புல்லின் விதைக்குக் கொளுக்கி மாதிரி ஒரு வால் உண்டு. துணியில் பிடித்தால் விடாது. நான் அண்ணனின் நீளக்களிசானைக் கவுணுக்கு உள்ளே போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவேன். அதற்காகக் கோயிலடியில் என்னைப் பற்றி என்னென்ன கதைத்தார்கள் என்பது தனிக் கதை. அப்படிப் போயும் விதை ஒட்டும். பெரியவருக்கோ களிசான், மேசு என்கிற காலுறை, சப்பாத்துக் கயிறு எல்லாவற்றிலும் ஒட்டும். பங்களாவுக்கு வந்ததும் விறாந்தையில் இருக்கும் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணி வரும்வரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பிடுங்கி, கரம் விளையாடுகிறவர்கள் காய் சுண்டுவதுபோல் விரலால் சுண்டுவார். வருடா வருடம் அதே கதிரை, அதே சுண்டல்.

ஒரு தை மாதம் அவர் வந்து இறங்கிய அன்றே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் விறாந்தைக்கு முன்னால் பூம்பாத்தியில், செவ்வரத்தைக்கும் குறோட்டனுக்கும் நடுவில், அந்தப் பெரிய மனுசன் முழங்காலில் நிற்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“பாரும், நல்லாப் பாரும். இது என்ன?”

பார்த்தேன். சந்தேகமே இல்லை. எங்கட புல்தான், கதிரும் தள்ளியிருந்தது.

“தீவிலயும் இருக்கு!” என்றார். “வெறும் மணல், மேல நிழல் இல்லை, பக்கத்தில உப்புக் காத்து. இங்கயே வளருதெண்டால் எங்க வளராது? நாங்கள்தான் இவ்வளவு காலமும் கண்ணை மூடிக்கொண்டு அருகிவரும், அருகிவரும் எண்டு எழுதினது.”

பங்களா கீப்பர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எருக்கலம்பிட்டிக்காரர், சமையலும் அவர்தான், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். “மிஸ்,” என்றார் மெதுவாக, “போன வருசமும் முளைச்சது. களை எண்டு பிடுங்கி எறிஞ்சிட்டன். இப்ப கைவைச்சால் மறியலில போடுவினமாம். சேர் சொல்லிட்டார்.”

மறுநாள் மத்தியானம் பெரியவர் என்னை அளக்கச் சொன்னார். நாடாவைப் பிடித்து அளந்து, கடுதாசியில் படம் கீறினேன். புல் முளைத்திருந்த இடம் பாதி அப்பளத்தின் வடிவமாக இருந்தது. நேரான பக்கம் விறாந்தையோடு, வளைந்த பக்கம் தோட்டத்தோடு. காட்டுப்புல் இவ்வளவு ஒழுங்காக முளைக்காதே என்று நினைத்துக்கொண்டு நடுப்புள்ளி எங்கே வருகிறது என்று பார்த்தேன். அது பாத்திக்குள் இல்லை. விறாந்தையில் ஏறியது. தலையை நிமிர்த்தினேன். அந்த இடத்தில் சாய்மனைக் கதிரை. கதிரையில் பெரியவர். அன்று காலை காட்டுக்குப் போய் வந்தவர், மேசிலிருந்து ஒன்றைப் பிடுங்கிச் சுண்டினார். அது அழகாக வளைந்து வந்து என் தொப்பியில் விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன?” என்றார்.

“இருமல், சேர்.”

சிரிப்பு மாலை வரைக்கும்தான் நிலைத்தது. அன்று மாலையே அவர் அறிக்கையைத் திருத்தத் தொடங்கினார். ‘அருகிவரும்’ என்பதை வெட்டிவிட்டு ‘ஆபத்து இல்லை’ என்று போடப்போகிறார். கிரவல் விஷயத்தை முடிவு செய்கிற அதிகாரி, காணிக் கந்தோர் அம்மா, அடுத்த கிழமை வந்து, தீவில் முளைத்த புல்லைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு அனுமதி கொடுப்பதாக ஏற்பாடு. சேதி பாப்பாமோட்டைக்கும் போய்விட்டது. என்னைச் சந்தியில் கண்ட கொந்தராத்துக்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். “சுகம் வந்திட்டுதாம், பிள்ளை! மாதா கண் திறந்திட்டா.”

அந்தக் காட்டுக்குள் நான் நடந்த நடை கொஞ்சமில்லை. வெயில் பொட்டுப் பொட்டாக விழும் அந்தப் புல்வெளியில் நின்றால் எனக்குக் கோயிலில் நிற்பதைவிட மனம் அடங்கும். இதைப் பங்குத்தந்தையிடம் சொல்லாதீர்கள். ஒரு மேசுச் சோடிக்காக அந்தக் காடு போகப்போகிறது.

“ஏன் நேரே சொல்லவில்லை?” என்று கேட்பீர்கள். சொன்னேன். மறுநாள் காலை, தேத்தண்ணி குடித்து அவர் நல்ல மனநிலையில் இருந்த நேரமாகப் பார்த்து வாயைத் திறந்தேன்.

“சேர், இது இஞ்ச தானாய் வந்ததாய் இருக்காது. காட்டிலயிருந்து ஆரோ காவிக்கொண்டு வந்திருக்கலாம்.”

அவருக்குக் கண் மின்னியது. “அருமை! நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். என்ன காவியிருக்கும்? பறவையோ?”

“பறவை எண்டு சொல்லேலாது, சேர். நடக்கிற சாதி.”

“மாடோ?”

“மாடு இல்லை, சேர். வருசத்துக்கு ஒருக்கால் வந்துபோற ஒண்டு.” இதற்கு மேலும் நான் எப்படிச் சொல்வது?

அவர் கடலைப் பார்த்தார். பிறகு கதிரையின் கையில் ஓங்கி அடித்தார். “கழுதை!”

மேலதிகாரி தன் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லும்போது ‘ஓம்’ என்றாலும் ஆபத்து, ‘இல்லை’ என்றாலும் பொய்.

“மன்னார்க் கழுதை!” என்றார் இன்னும் சத்தமாக. “பாலத்தில போகுது, வருகுது, பாரம் சுமக்குது, காலெல்லாம் மயிர். விதை ஒட்ட இதைவிட வேற என்ன வேணும்? அப்ப இது இயற்கையாய்ப் பரவுற புல். அருகிவரும் எண்ட கதைக்கே இடமில்லை.” கழுதை பற்றி நீளமாக ஒரு பந்தி எழுதியும்விட்டார். கீப்பரைக் கூப்பிட்டு, கழுதை வந்துபோன தடம் இருக்கிறதா என்று தேடச் சொன்னார்.

கீப்பர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். “மிஸ், இந்த வளவைச் சுத்தி முள்ளுக்கம்பி. நான் இருக்கிற காலத்தில கழுதை ஒண்டும் உள்ளுக்கு வந்ததில்லை. என்னெண்டு சேரிட்டச் சொல்றது?”

“தேடிக்கொண்டு இருங்கோ” என்றேன்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, நீங்கள் நன்றாக யோசிக்கவேண்டும். நான் குறிப்பாகச் சொன்னேன், அவருடைய கெட்டித்தனம் அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. வெட்டவெளிச்சமாகச் சொன்னால் அவர் என்னை எதிர்த்து வாதாடுவார், வாதாடி வெல்வார், வென்ற பிறகு அந்தப் பிழை அவருக்குச் சொந்தச் சொத்தாகிவிடும். பிறகு மாதாவே வந்து சொன்னாலும் விடமாட்டார். கெட்டிக்காரர் ஒருவருக்கு அவருடைய பிழையைக் காட்டவேண்டுமென்றால் விரலால் காட்டாதீர்கள். அவர் தானாகத் தடக்கி விழுகிற இடத்தில் ஒரு கதிரையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

நான் அதைத்தான் செய்தேன். காணிக் கந்தோர் அம்மா வருகிற நாளுக்கு ஒழுங்கு போடும் பொறுப்பு என்னுடையது. முதலில் பங்களா, பிறகு நேரமிருந்தால் காடு என்று பெரியவர் சொல்லியிருந்தார். நான் அதைத் திருப்பிவிட்டேன். வெயில் ஏறமுதல் காட்டைப் பார்த்துவிட்டால் அம்மாவுக்குச் சுகம், தேத்தண்ணியும் பங்களாவில் ஆறுதலாகக் குடிக்கலாம் என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. காட்டுக்குள் அவர்களைப் பாதை வழியாக நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. கதிர் முற்றி நின்ற இடமாகப் பார்த்து, அதன் நடுவால் நடத்தினேன்.

அந்த அம்மா நூல்சேலை கட்டியிருந்தார். கொந்தராத்துக்காரர் விசேஷமென்று வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். காட்டை விட்டு வெளியே வந்தபோது இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. முழங்கால்வரை விதை. பெரியவரைக் கேட்கவே வேண்டாம்.

பங்களா விறாந்தையில் சாய்மனைக் கதிரையை அதன் வழக்கமான இடத்தில் விட்டு, இரு பக்கமும் மற்றக் கதிரைகளைப் போட்டிருந்தேன். கீப்பர் தேத்தண்ணி கொண்டுவந்தார். பெரியவர் சாய்ந்தார். முன்னால் விரிந்திருந்த பாத்தியைக் காட்டி, தீவில் கண்டுபிடித்தது, இயற்கையாய்ப் பரவுவது, கழுதை என்று தொடங்கினார். அவர் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கை தன் பாட்டில் மேசுக்குப் போனது. பிடுங்கியது. சுண்டியது.

அந்த அம்மா நாகரிகமானவர். சேலைக் கரையில் பிடுங்கிய விதைகளைக் கோப்பைத் தட்டில் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார். தட்டு நிறைந்ததும், “இதை எங்க போடுறது?” என்று கேட்டார்.

“சும்மா பாத்திக்குள்ள போடுங்கோ” என்றார் பெரியவர் தாராளமாக. “நான் எப்பவும் அங்கதான் போடுற...”

விரல் அந்தரத்தில் நின்றது. அவர் விரலைப் பார்த்தார். விரலிலிருந்த விதையைப் பார்த்தார். பாத்தியில் பாதி அப்பளமாக நின்ற புல்லைப் பார்த்தார். நான் என் தேத்தண்ணிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீர் இதை எப்ப கண்டனீர்?” என்றார் என்னிடம்.

“அளக்கேக்கை, சேர்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னனான், சேர். நீங்கள்தான் கழுதை எண்டு சொல்லிப்போட்டியள்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பெரியவரின் முகம் சிவந்தது, உதடு துடித்தது, பிறகு அந்த உயரமான உடம்பு முழுக்கக் குலுங்கியது. சிரிக்கிறார்!

“அம்மா,” என்று காணிக் கந்தோர் அம்மாவிடம் திரும்பினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “விதை காவினது கழுதை எண்டு நான் எழுதினது பிழையில்லை. இனம் சரி. எந்தக் கழுதை எண்டு எழுதத்தான் விட்டுப்போட்டன்.”

அவர் வெட்கப்படுவதைப் பார்க்கத்தான் நான் ஆசையோடு காத்திருந்தேன். அவர் அந்த ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டார். அந்த மனிதரில் எனக்கு உண்மையான மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

நான் போட்ட திட்டம் அதோடு முடிந்தது. ஆனால் விஷயம் முடியவில்லை. எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் கொந்தராத்துக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் சிரிக்கவில்லை.

“சேர், ஒரு கதை கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் சும்மா சுண்டி எறிஞ்சதே இப்பிடி முளைச்சிருக்கு. அப்ப விதையை அள்ளிக்கொண்டு வந்து இந்த வளவு முழுக்க விதைச்சு விடுவம். நான் ஆள் தாறன், வேலியும் அடைச்சுத் தாறன். புல்லு இஞ்ச சந்தோஷமாய் இருக்கட்டும், கிரவலை நாங்கள் எடுக்கிறம். என்ன குறை?”

காணிக் கந்தோர் அம்மா என்னைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். “அதுவும் நியாயமாய்த்தானே கிடக்கு” என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் கெட்டித்தனமெல்லாம் கதிரை போடுவதோடு தீர்ந்துபோயிருந்தது. பெரியவர் வழக்கம்போல் நிச்சயமாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று அவர் வாயைப் பார்த்தேன். அவர் சொன்னார்: “எனக்குத் தெரியாது.”

பிறகு எழுந்து பாத்திக்கு இறங்கினார். முற்றிய கதிர் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் தட்டிலிருந்து, காட்டில் ஒட்டிவந்த விதைகளையும் கொஞ்சம் எடுத்தார். இரண்டையும் கொந்தராத்துக்காரரின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

“நீங்கள் வயல்காரன். என்னைவிட உங்களுக்குத் தெரியும். பாத்துச் சொல்லுங்கோ.”

காடு வேண்டாம் என்கிற ஒருவரின் கையில் காட்டைக் கொடுத்துவிட்டாரே என்று எனக்குப் பகீரென்றது. பெரியவருக்கும் விடை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கொந்தராத்துக்காரர் முதலில் காட்டு விதையை நகத்தால் கிள்ளினார். பல்லில் வைத்துக் கடித்தார். “மணி இருக்கு” என்றார். பிறகு பாத்திக் கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது. மீதி ஒன்றும் இல்லை. அவர் முகம் சுருங்கியது. தானே பாத்திக்குள் இறங்கினார். இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று, செவ்வரத்தை நிழலில் ஒன்று என்று கிள்ளிக் கிள்ளிக் கசக்கினார், ஊதினார், கடித்தார். ஒரு மணி, ஒரேயொரு மணி அகப்பட்டால் போதும் அவருக்கு. வேட்டி மண்ணில் புரள்வதையும் பார்க்காமல் குந்தியிருந்து தேடினார். நாங்கள் மூன்று பேரும் விறாந்தைக் கரையில் நின்று பார்த்தோம். அந்த நேரத்தில் அவர் சும்மா “இருக்கு” என்று சொல்லியிருந்தால் மறுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

கடைசியில் எழுந்து கையைத் தட்டினார்.

“முழுக்கப் பதர்” என்றார். “ஒரு மணி இல்லை. இது முளைக்குதே தவிரப் பிள்ளை பெறாது. சேர் வருசா வருசம் காட்டிலயிருந்து கொண்டுவந்து எறியிறபடியால் நிக்குது. காடு போனால் அடுத்த வருசம் இதுவும் இல்லை.”

அப்படியென்றால் கிரவலுக்கு என்ன செய்வது என்று காணிக் கந்தோர் அம்மா மெல்லக் கேட்டார்.

“வேற இடம் பாக்கவேண்டியதுதான். பதர் விளையிற காணியைக் காட்டி, மணி விளையிற காணியை வித்தவன் எண்டு பேரெடுத்தால், எங்கட ஊரில என்ர பிள்ளையளுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?”

அந்த வருடம் றோட்டுக்குக் கிரவல் வரவில்லை. தூரத்திலிருந்து ஏற்றிவந்து போட்டு முடிக்க இன்னொரு மாரி போய்விட்டது. அந்த மாரி முழுக்கப் பாப்பாமோட்டைச் சனம் முழங்கால் சேற்றில் நடந்தது. அவர்களில் ஒருவரும் எங்கட புல்லைக் கண்ணால் கண்டதில்லை. கொந்தராத்துக்காரர் என்னைக் காணும்போதெல்லாம் சேறு அப்பிய காலைத் தூக்கிக் காட்டி, “எப்பிடி இருக்கு பிள்ளை, உங்கட நோயாளி?” என்று கேட்பார். நான் நின்று, ஒன்றையும் மறைக்காமல் பதில் சொல்லுவேன். நீங்களும் உங்களிடம் கேட்கிறவர்களுக்கு நின்று பதில் சொல்லுங்கள். சேற்றில் நடந்தவர்கள் அவர்கள்தான்.